பூங்காவனத்துக்குத் தாலி கட்டிய உடுப்பு

கருங்காலிமேட்டில் ஆண்பிள்ளை பிறந்தால் தொப்புள்கொடியை ரயிலடிக்குப் போகிற வண்டிப்பாதையோரம் புதைப்பார்கள், பெண்பிள்ளை பிறந்தால் அடுப்பங்கரைச் சுவரோரம் புதைப்பார்கள். அப்படிப் புதைத்துப் புதைத்துத்தான் அந்த ஊரில் ஆம்பளை என்றால் போகிறவன், பொம்பளை என்றால் இருக்கிறவள் என்று ஆகிப்போனது. வூட்டுக்கு ஒருத்தன் பட்டாளத்தில் இல்லை என்றால் அந்த வூட்டுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள், அந்த வூட்டிலிருந்து பெண் எடுக்கவும் மாட்டார்கள், ஆடி மாசம் கெங்கையம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போதுகூட அந்த வூட்டுக்காரன் சொம்பில் அடிக்கூழ்தான் விழும்.

அந்த ஊரில் கல்யாணத்துக்கு நாள் குறித்தால் குறித்ததுதான். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை என்பதற்காக முகூர்த்தம் நிற்காது. மாப்பிள்ளையின் பச்சை உடுப்பை முன்கூட்டியே யாராவது கொண்டுவந்து கொடுத்திருப்பார்கள், அதைத் தாம்பாளத்தில் வைத்து மணவறையில் ஏற்றி, மாப்பிள்ளையின் அக்காளோ தங்கச்சியோ அந்தச் சட்டையின் கைக்குள் தன் கையை நுழைத்துப் பெண் கழுத்தில் தாலியைக் கட்டிவிடுவாள். தணிகாசலத்தின் கல்யாணமும் அப்படித்தான் நடந்தது. எங்கேயோ மலை சரிந்து பாதை அடைபட்டு அவன் அந்தப் பக்கமே நின்றுவிட, அவன் தங்கச்சி அலமேலு சட்டைக்குள் கை விட்டுக் கட்டினாள். தலைகுனிந்து உட்கார்ந்திருந்த பூங்காவனம் அன்றைக்குப் பார்த்ததெல்லாம் ஒரு பச்சைக் கைமடிப்பும் அதில் மினுங்கிய பித்தளைப் பொத்தானும்தான்.

மாசங்கள் கழித்து மாப்பிள்ளை லீவில் வந்து வாசலில் நின்றபோது, பூங்காவனம் அவனை ஒரு பார்வை பார்த்தாள், ஆணியில் தொங்கிய உடுப்பை ஒரு பார்வை பார்த்தாள், மறுபடி அவனைப் பார்த்தாள். சந்தையில் மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்க்கிறவன் பார்வை மாதிரி இருந்தது அது. சிரித்துக்கொண்டே கால் கழுவத் தண்ணீர் கொடுத்தாள். ஆனாலும் அந்தப் பார்வை தணிகாசலத்துக்குள் நெருஞ்சிமுள்ளாய் இறங்கி, மலையிலும் பனியிலும் அவன் கூடவே இருந்து, இருபது வருஷத்துக்கு மேலேயும் ஆறாமல் கிடந்தது.

அந்த இருபது சொச்ச வருஷமும் அவன் வருஷத்துக்கு ஒருதரம் விருந்தாளி மாதிரி வந்தான், விருந்தாளி மாதிரி போனான். கரும்பு வைத்தது, மோட்டார் கொட்டகையில் காத்திருந்து கரண்டு வரும்போது தண்ணீர் பாய்ச்சியது, ஏர் கட்டியது, வெல்லம் காய்ச்சியது, மகள் சவிதாவை வளர்த்து அவளையும் ஒரு பட்டாளத்தானுக்கே கட்டிக் கொடுத்தது எல்லாம் பூங்காவனம். கரும்புச் சோகை தோலை அறுத்துவிடும் என்று அந்த ஊர்ப் பெண்கள் புடவைக்கு மேல் புருஷன் உடுப்பை மாட்டிக்கொண்டுதான் கரும்புக் கயனியில் இறங்குவார்கள். ஆம்பளை லீவில் வருகிறான் என்று சேதி வந்தால் போதும், உடுப்பைத் துவைத்து ஆணியில் மாட்டிவிட்டு, மஞ்சள் பூசிக் குளித்து, அடுப்பங்கரைக்குள் போய் மெல்லப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். யாரும் சொல்லிக்கொடுத்தது இல்லை, மழை வருமுன் எறும்பு மேடேறுகிற மாதிரி அது தானாக நடக்கும். அதனால் அந்த ஊர் ஆம்பளைகள் யாருமே தங்கள் பெண்டாட்டிகளைக் கயனியில் பார்த்ததில்லை, ஊரோடு தங்கிவிட்டவர்கள் கண்ணிலும் தூரத்தில் குனிந்திருக்கிற பச்சைதான் பட்டது.

தணிகாசலம் அவில்தாராக ஓய்வுபெற்று வந்தபோது ஊரே தாரை தப்பட்டையோடு போய் ரயிலடியிலிருந்து அழைத்து வந்தது. அவன் பட்டாளத்தில் செய்தது கிடங்கு வேலை, கம்பளியும் காலுறையும் எடுத்துக் கொடுக்கிற வேலை. அதை ஊரில் சொன்னால் கூழுக்குக் கூட மதிப்பிருக்காது என்று அவன் சொன்னதே இல்லை.

வந்த மறுநாளே பூங்காவனத்தின் இடுப்பில் தொங்கிய மோட்டார் கொட்டகைச் சாவியைக் கேட்டு வாங்கினான்.

"இனிமே நீ கயனிப் பக்கம் போவாத. மில்ட்ரிக்காரன் பொண்டாட்டி சேத்துல நின்னா எனக்கு இன்னா மரியாத?"

"மூணாம் மடைக்குத் தண்ணி வுடணும் மாமா. இன்னிக்கு வுடலைன்னா பயிர் வாடிப்பூடும்."

"நான் வுடறேன். இத்தினி வருஷம் நாட்டையே காத்தவனுக்கு ஒரு மடை திருப்பத் தெரியாதா?"

அவன் திருப்பிய தண்ணீர் பக்கத்துக் கயனிக்குப் போய் அங்கே வைத்திருந்த மல்லாட்டைக் கடலையை அழுகடித்தது. ஆணியில் தொங்கிய கல்யாண உடுப்பை அவன் மடித்து, அந்துருண்டை போட்டு, கறுப்பு டிரங்குப் பெட்டியில் வைத்துக் கொண்டியைப் போட்டபோது, பூங்காவனம் தன் தோளைத் தானே ஒருதரம் தடவிக்கொண்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை விடிந்து, தணிகாசலம் வேப்பங்குச்சியால் பல் விளக்கிக்கொண்டு நின்றபோது, பெட்டியின் கொண்டி தானாக விலகி, மூடி திறந்து, உடுப்பு எழுந்து நின்றது. சட்டையும் கால்சட்டையும் உள்ளே ஆள் இருப்பது போலப் புடைத்து, தலை இல்லாமல், பாதம் இல்லாமல், அந்துருண்டைகளை உதறிவிட்டு வாசல்படி இறங்கிக் கயனிப் பக்கம் போனது. "எங்க போற?" என்று கேட்டுவிட்டான் தணிகாசலம். திரும்பிப் பார்க்க அதற்குத் தலை ஏது. நேராகப் போய் மூணாம் மடையை வெட்டி, தண்ணீரைத் திருப்பி, கரைக்கு மண் அணைத்துவிட்டு, வெயில் ஏறுமுன் திரும்பி வந்து மாட்டுக்குப் பக்கத்தில் நின்றது. பூங்காவனத்தைத் தவிர யார் கிட்டே போனாலும் உதைக்கிற அந்தக் கறவை மாடு, உடுப்பின் கைமடிப்பை நக்கிக்கொடுத்தது. தெருவில் வேற்றாள் நிழலைக்கூடக் கடிக்கிற நாய் வாலை ஆட்டியது.

ஊர் கூடியது. கூடின கூட்டம் மதியம் கஞ்சி குடிக்கிற வரைக்கும் நின்றது, அப்புறம் அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். ஊரிலேயே மூத்த பட்டாளத்தார் சுபேதார் முனிரத்தினம் மட்டும் உடுப்பைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்து, "பட்டாளத்துத் துணிக்குச் சாவு கெடையாதுடா. ஆளு ரிட்டேர் ஆனாலும் வீரம் ரிட்டேர் ஆவாது" என்று சொல்லி, குதிகாலைச் சேர்த்து ஒரு சல்யூட் அடித்தார். அவர் அடித்துவிட்டால் அப்புறம் ஊரே அடித்த மாதிரிதான். அன்றிலிருந்து உடுப்பு தெருவில் வந்தால் பீடியைக் காலில் போட்டு மிதித்தார்கள், ரேஷன் கடை வரிசையில் வழி விட்டார்கள், கல்யாண வூட்டில் முன் நாற்காலி போட்டுச் சந்தனம் தெளித்தார்கள். டீக்கடை துரைக்கண்ணு முதல் டீயை அதற்கென்று ஆற்றி வைப்பான், குடிக்கிற வாய் இல்லாததால் அது ஆறிப்போகும், ஆறின டீயைத் தீர்த்தம் மாதிரி ஆளுக்கு ஒரு வாய் குடிப்பார்கள்.

உடுப்பு நடக்கும்போது இடது கால் லேசாக இழுத்தது.

"அவில்தாரே, உடுப்பு இன்னாத்துக்கு ஒரு கால இழுக்குது?" என்று கேட்டான் துரைக்கண்ணு.

தணிகாசலத்தின் காலில் கம்பளிமூட்டைகூட விழுந்ததில்லை. ஆனால் கடை நிறைய ஆள் இருந்தது. "பனியில குண்டு பட்டுச்சு" என்றான்.

"நீ நல்லாத்தானே நடக்கற?"

"எனக்கு ஆறிப்பூச்சு. உடுப்புக்கு ஆறல."

அந்தப் பேச்சு ஊருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஆளெடுப்புக்குத் தயாராகிற வாலிபப் பையன்கள் எல்லாம் இடது காலை இழுத்து இழுத்து நடந்து பழகினார்கள், பழகின காலை நிமிர்த்த முடியாமல் அந்த வருஷம் போன அத்தனை பேரும் திரும்பி வந்தார்கள். வந்தும் அவர்களுக்கு மவுசு குறையவில்லை. அப்படி இழுத்து நடக்கிற மாப்பிள்ளைதான் வேண்டும் என்று பெண் வூட்டில் கேட்டார்கள். ஒரு பொய்யைச் சொல்லித் தன் பெயரை எல்லாம் வழித்து அந்த உடுப்புக்கே ஊற்றிவிட்டோம் என்று தணிகாசலத்துக்கு அப்போதுதான் உறைத்தது.

ஊர் கொடுக்கிற மரியாதை போனால் போகட்டும். அவனைத் தின்றது பூங்காவனத்தின் பார்வை. உடுப்பு வாசல் இறங்கும் நேரத்துக்கு அவள் கை மாவிலேயே நின்றுவிடும், அது தெருக்கோடி திரும்பும்வரை ஜன்னலோரம் நிற்பாள், திரும்பி வந்தால் அதன் கால்மடிப்பில் ஒட்டின சேற்றை ஒரு கண் பார்ப்பாள், அந்தச் சேற்றைப் பார்த்து அவள் விடுகிற பெருமூச்சில் அடுப்புச் சாம்பல் பறக்கும். தணிகாசலம் மீசையை முறுக்கினான், புதுசாய் ஒரு பச்சை உடுப்பு போட்டுக்கொண்டு தெருவில் விறைப்பாய் நடந்து காட்டினான். "உடுப்புக்குத் தொணைக்கு ஆளு வருது" என்றது ஊர். வேலூருக்குப் போய்ப் பூப்போட்ட பட்டுப்புடவை வாங்கி வந்தான். பூங்காவனம் அதைப் பிரித்துப் பார்த்து, "நல்லாத்தான் கீது. கட்டிக்கினு எங்க போறது?" என்று மடித்து வைத்தாள்.

ஒருநாள் அவள் குளிக்கப் போயிருந்த நேரம் உடுப்பைப் பிடித்து முகர்ந்து பார்த்தான். கழுத்துப்பட்டையில் மஞ்சள் வாசனை. மடிப்பைப் பிரித்தால் மஞ்சள் கறையே இருந்தது, வெளுத்தும் போகாத கறை. இரண்டாம் பொத்தானில் ஒரு முடி சுற்றியிருந்தது, நீளமான முடி, அவள் முடி. யாரிடம் சொல்வது? தங்கச்சி அலமேலுவிடம் போய்ச் சொன்னான்.

அலமேலு முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "ண்ணா, மொதல்ல அண்ணிக்குத் தாலி கட்டுனதே அதுதானே. நீ ரெண்டாந்தாரம்."

விளையாட்டுக்குச் சொன்னாள். அவனுக்கு அது விளையாட்டாக இறங்கவில்லை.

உடுப்பைச் சவுக்காரம் போட்டு வெள்ளாவியில் வைத்தான், விடிந்ததும் ஆவி பறக்க எழுந்து கயனிக்குப் போனது. பனைமரத்தோடு சேர்த்து மாட்டுக்கயிற்றால் கட்டினான், கயிறு மரத்தில் இருந்தது, உடுப்பு மடையில் இருந்தது. எருக்குழியில் ஆளுயரம் தோண்டிப் புதைத்தான், அது எருவைத் தள்ளிக்கொண்டு எழுந்து வந்தது, வரும்போது அதன் மார்புப் பையிலிருந்து ஒரு பூசணிக்கொடி துளிர்விட்டு எட்டிப் பார்த்தது. ஊரே அந்தக் கொடியைக் கும்பிட்டு விதைக்கு வாங்கிப்போனது. ஒவ்வொரு தரமும் பூங்காவனம் அவனைத் தடுக்கவில்லை, திட்டவில்லை. வாசலில் உட்கார்ந்து தன் இடது காலை மெல்ல நீவிவிட்டுக்கொண்டிருப்பாள், அவ்வளவுதான். அவனுடைய கண் எல்லாம் உடுப்பின் மேல் இருந்ததால் அந்தக் காலை அவன் பார்க்கவே இல்லை.

வைகாசியில் சிரசுத் திருவிழா வந்தது. கெங்கையம்மனின் தலையை மட்டும் தனியே எடுத்து, ஆற்றங்கரையிலிருந்து ஊர்வலமாய்க் கொண்டுவந்து, கோயிலில் நிற்கிற உடம்பின் மேல் பொருத்துவார்கள். தண்ணீரில் ஒரு நிழலைப் பார்த்தாள் என்பதற்காகப் புருஷன் சந்தேகப்பட்டுத் தலையை வெட்டச் சொன்னானே, அந்தத் தாயின் தலை. அம்மனுக்குத் தலை பொருந்தி மேளம் ஓய்ந்ததும், சுபேதார் முனிரத்தினம் தேங்காய் உடைத்த கல்லின் மேல் ஏறி நின்று சொன்னார்:

"அம்மனுக்குத் தலை வெச்சோம். நம்ம ஊரு வீரத்துக்கும் ஒரு தலை வைக்கணும். எவன் உடம்புக்கு இந்த உடுப்பு ஒத்துப்போவுதோ, அவன்தான் இனிமே ஊருக்குத் தலைவன்."

உடுப்பு பந்தலுக்கு நடுவில் நின்றது. கயிறு கட்டி இந்தப் பக்கம் ஆம்பளைகள், அந்தப் பக்கம் பொம்பளைகள். முதலில் சுபேதாரே கையை நுழைத்தார், ஈ உட்கார்ந்த கன்றுக்குட்டி தோலைச் சிலிர்க்குமே, அப்படி ஒரு சிலிர்ப்பில் உடுப்பு அவரை உதறியது. ஓய்வுபெற்ற நாயக்குமார்கள், லீவில் வந்த சிப்பாய்கள், கால் இழுக்கிற பையன்கள் என்று ஒருத்தர் பாக்கியில்லாமல் நுழைந்தார்கள், எல்லாரையும் உதறியது. "ஒடையவன் வாடா" என்று கூப்பிட, தணிகாசலம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனான். தோள் இறுக்கியது, பொத்தான் எட்டவில்லை, மூச்சை உள்ளுக்கு இழுத்தான், அப்போதும் எட்டவில்லை. உடுப்பு அவன் மேலிருந்து வழுக்கி இறங்கி, தள்ளி நின்று, அவன் தொட்ட இடத்தைத் தட்டிவிட்டுக்கொண்டது.

"அவில்தாரே, ஒன் உடுப்பே உன்ன டிஸ்மிஸ் பண்ணிடுச்சு!" என்றான் துரைக்கண்ணு. பந்தலே சிரித்தது.

தணிகாசலம் பாய்ந்து, அம்மன் முன்னால் எரிந்துகொண்டிருந்த கற்பூரத் தட்டைத் தூக்கினான். பூசாரி கையைப் பிடிக்க, அவரைத் தள்ளிவிட்டு உடுப்பின் முன்னால் போய் நின்றான். அதற்குள் பூங்காவனம் கயிற்றைத் தாண்டி வந்து குறுக்கே நின்றாள். அந்தக் கயிற்றை அதுவரை எந்தப் பொம்பளையும் தாண்டியதில்லை.

"தட்ட கீழ வைய்யி மாமா."

"நவுரு. இன்னிக்கு இத்த எரிக்காம வுட மாட்டேன்."

"இன்னா தப்பு பண்ணிச்சு அது?"

"இன்னா தப்பா? அதும் கழுத்துல ஒன் மஞ்சள் கீது. அதும் பொத்தான்ல ஒன் முடி கீது. நான் பனியில கெடந்தேன், நீ இங்க..." தட்டை உடுப்பின் பக்கம் நீட்டினான். "யாரு அது ஒனக்கு? இத்தினி பேர் முன்னால சொல்லு. யாரு?"

பூங்காவனம் அவனைப் பார்த்தாள், உடுப்பைப் பார்த்தாள், மறுபடி அவனைப் பார்த்தாள். கல்யாணம் ஆன புதிசில் பார்த்த அதே பார்வை. அப்புறம் புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையைப் பின்னால் நீட்டினாள். உடுப்பு வந்து மாட்டிக்கொண்டது. கால்சட்டை நாய்க்குட்டி மாதிரி அவள் காலைச் சுற்றி ஏறிக்கொண்டது, பொத்தான்கள் ஒவ்வொன்றாய் அவளுக்குச் சிரமம் கொடுக்காமல் தாமே போட்டுக்கொண்டன. கரும்புக்கட்டு சுமந்து சுமந்து வெளுத்த அதன் தோள் அவள் தோளில் உட்கார்ந்தது. கழுத்துக்கு மேலே அவள் தலை, ஆற்றங்கரையிலிருந்து வந்து சேர்ந்த தலை மாதிரி, பொருந்தி இருந்தது.

"நான்தான்யா அது. கயனிக்குப் போவாதன்னு என்னத்தான் சொன்ன. அது போச்சு."

சொல்லிவிட்டு அம்மனைச் சுற்றி நடந்தாள். இடது கால் இழுத்தது. ஊரே பார்த்தது. இத்தனை நாளாய்த் தெருவில் பார்த்த நடை, பையன்கள் பழகின நடை.

"கால்... காலுக்கு இன்னா?" என்றான் தணிகாசலம். தட்டில் கற்பூரம் அணைந்துகொண்டிருந்தது.

"மாடு மிதிச்சுது. சவிதா வயித்துல இருந்தப்போ. போன்ல சொன்னேன், லைன் சரியில்லன்னு வெச்சுட்ட."

குண்டு பட்ட கதையைத் துரைக்கண்ணு ஞாபகப்படுத்துவான் என்று தணிகாசலம் காத்திருந்தான். துரைக்கண்ணு டம்ளரைத் துடைக்கிற துண்டால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். சுபேதார் முனிரத்தினத்தின் கை மட்டும் பழக்கதோஷத்தில் எப்போதோ நெற்றிக்கு ஏறியிருந்தது, இப்போது அதை இறக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் அங்கேயே நின்றது.

"இத்தினி நாளா நம்ப யாருக்குடா சல்யூட் அடிச்சோம்?" என்று பக்கத்திலிருந்தவனைக் கேட்டார்.

"எங்களுக்குத்தான்" என்றாள் அவர் பெண்டாட்டி, கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்து. "கைய எறக்காத, அப்பிடியே இரு. நல்லாத்தான் கீது."

மறுநாள் காலையில் கருங்காலிமேட்டில் வூட்டுக்கு வூடு டிரங்குப் பெட்டிகளின் கொண்டிகள் தடதடவென்று ஆடின. ஆம்பளைகள் கொஞ்சநேரம் பெட்டி மேல் உட்கார்ந்து பார்த்தார்கள், அப்புறம் எழுந்து வழி விட்டார்கள். பழகிவிட்டது. பட்டாளத்துக்குப் போகிறவர்கள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள், ஆனால் லீவில் வருகிறவனுக்காக யாரும் உடுப்பைக் கழற்றி ஆணியில் மாட்டவில்லை. வருகிறவன் ரயிலடியிலிருந்து நேரே கயனிக்குப் போய், ஒரே மாதிரிப் பச்சையில் குனிந்திருக்கிற பெண்களுக்குள் தன் பெண்டாட்டி எவள் என்று நடையைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பல பேருக்கு முதலில் முடியவில்லை.

தணிகாசலம் சாவியை அவள் இடுப்பில் தானே செருகினான். கூழ் கரைக்கக் கற்றுக்கொண்டான், கட்டி கட்டியாய்த்தான் வந்தது. ஒரு மத்தியானம் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு கயனிக்குப் போனான். பூங்காவனம் உடுப்பைக் கழற்றிக் கருவேலங்கிளையில் போட்டுவிட்டு, வாய்க்காலில் காலை விட்டு உட்கார்ந்திருந்தாள். கிளையில் உடுப்பு வெறும் துணியாகக் கிடந்தது. அதைப் பார்த்தும் அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. விட்டது சனி என்று நினைத்துக்கொண்டான்.

கூழை அவள் கையில் கொடுத்துவிட்டு, வாய்க்காலில் இறங்கி, அவள் இடது காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். கணுக்காலுக்குக் கீழே எலும்பு கூடிய மேடு இருந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இப்போதுதான் அதைத் தொடுகிறான்.

"எந்த மாடு?"

"செவல. செத்து எவ்ளோ காலம் ஆச்சு."

"மிதிச்சப்போ நீ கத்துனியா?"

"கத்துனேன். யாரு கீறா கேக்க? அப்பிடியே சேத்துல வுழுந்து கெடந்தேன்."

"மாடு?"

பூங்காவனம் ஒரு மடக்குக் கூழைக் குடித்தாள், கட்டியை நாக்கால் நசுக்கினாள். "அது எங்க போவும்? மிதிச்சதே அதுக்குத் தெரியல. நான் எழுந்திருக்கற வரைக்கும் பக்கத்துலயே நின்னுச்சு. மூஞ்சிய நக்கிக்கினே நின்னுச்சு."

தணிகாசலம் அந்தக் காலை விடாமல் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். என்றைக்கோ செத்துப்போன அந்தச் செவலை மாட்டின் மேல் அவனுக்கு அப்போது வந்த பொறாமை இருக்கிறதே, அப்படி ஒரு பொறாமை அந்த உடுப்பின் மேல்கூட அவனுக்கு வந்ததில்லை.